அப்பாவின் முதுகுப் படம்

1934 மார்ச் 12, திங்கட்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அன்றும் காலை ஆறு மணிக்கு அப்பா பாயில் குப்புறப் படுத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறினேன். இடுப்பிலிருந்து தோள் வரை ஐந்து நடை, திரும்பி ஐந்து நடை. எனக்கு எட்டு வயது. வலிக்கு என் எடைதான் சரியான எடை என்று அப்பா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று மூன்றாவது நடையிலேயே "எறங்கும்மா" என்றார். எழுந்து உட்கார்ந்தார், நின்றார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். வலி அவரை ஓரிடத்தில் இருக்க விடவில்லை.

"மூணு மாசமா இந்தக் கூத்து. இன்னிக்குப் படம் புடிச்சாத்தான் ஆச்சு" என்று அம்மா ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள். முதுகெலும்பில் காசமோ என்று அவளுக்குப் பயம். பெரிய மாமா அதில்தான் போனார்.

ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அப்பா உட்காரவில்லை. பதினொன்றரைக்கு டாக்டர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"காசமெண்டா எலும்புக்கு நடுவில இருக்கிற சவ்வும் கெட்டுப்போயிருக்கும். இது அப்பிடியே கிடக்கு. எலும்பின்ட முன்பக்கம் மட்டும் குழிஞ்சிருக்கு, பாருங்கோ."

"காசம் இல்லைன்னா நல்லதுதானுங்களே?" என்றாள் அம்மா.

டாக்டர் படத்தில் குழிந்த இடத்துக்கு முன்னால் விரலை வைத்தார். "முன்னால போற பெரிய ரத்தக்குழாய் வீங்கி, துடிச்சுத் துடிச்சு எலும்பைத் தேய்க்குது. இதுக்கு மருந்தில்லை. வெடிச்சா நிமிசக் கணக்குத்தான்" என்றார்.

அப்பா சிரிக்கப் பார்த்தார். "எனக்கு டாக்டரு இவதாங்க. தெனம் ஏறி மிதிப்பா."

டாக்டர் படத்தைக் கீழே இறக்கினார். "முதுகிலயோ? இண்டைக்குமோ?"

"பத்து நடை நடப்பேன். இன்னிக்கு மூணுதான்" என்றேன், குறைந்துபோன வருத்தத்தோடு.

அம்மா என் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. வீடு வரும்வரை அவள் விடவில்லை. மூன்று என்று உண்மையைச் சொன்னதற்கா இவ்வளவு கோபம் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அப்பா எங்களை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அம்மா கூறைப் புடவை கட்டியிருந்தாள். நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அப்பா பக்கத்தில் நின்றார். முதுகை எடுத்தாயிற்று, இன்று முகத்தை எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் நன்றாகச் சிரித்தேன்.