நழுவும் சிரட்டை

ஆனந்தி தேயிலை நிரையை ஒரு பக்கமாகத்தான் எடுப்பாள். சரிவு இடது கைப்பக்கம் இறங்க வேண்டும். அப்போதுதான் இடது கால் கீழே, மடங்காமல் நிற்கும். நிரை முடிந்தால் மற்றவர்கள் அப்படியே திரும்பி அடுத்த நிரையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். அவள் மட்டும் பாதைவழியே சும்மா நடந்து வந்து, தொடங்கிய பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்குவாள். நிறுவையில் அவள் பைதான் எப்போதும் மெலிவு.

"மதினிக்கு மட்டும் மலையே ஒன்வே," என்பாள் பக்கத்து நிரைச் சந்தனம்.

"ஒனக்குச் சிரட்டை நழுவட்டும்டி, அப்பத் தெரியும்."

சிரட்டை என்று அவள் சொல்வது இடது முழங்கால் சில்லை. பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடும்போது முதன்முதலாக வெளிப்பக்கம் விலகியது. பிறகு குடத்தோடு திரும்பியபோது, வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஒருமுறை பாயில் புரண்டு படுத்தபோதுகூட. பல்லைக் கடித்துக் காலை மெல்ல நீட்டி, உள்ளங்கையால் தானே தள்ளி உட்காரவைப்பாள். வலியைப் பற்றிப் பேசமாட்டாள். "அது போகையில ஒரு சத்தம் கேக்கும் பாரு..." என்று நிறுத்திக்கொள்வாள்.

காலில் அட்டை ஏறினாலும் குனியமாட்டாள். "ஏட்டி, இதக் கொஞ்சம் எடுத்து விடேன்."

"ராணியம்மா காலு!" முனகிக்கொண்டே சந்தனம் உப்புத் துணியால் தேய்ப்பாள்.

போன மழையில் சரிவிலேயே நழுவியது. பையோடு உருண்டவளை ஒரு தேயிலைத் தூர் தடுத்தது. கங்காணி சொல்லிவிட்டார்: "காலச் சரிபண்ணிட்டு வா தாயி. இல்லாட்டி பேர எடுத்துருவாக." பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் இல்லை. பள்ளிக்குப் போகும் மகளோடு ஒதுங்க வேறு கூரையும் இல்லை.

கோட்டயத்து டாக்டர் விளக்கினார். சில்லை உள்பக்கமாகப் பிடித்திருக்கும் நார் தளர்ந்துவிட்டது. தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

"எடுத்த எடத்துல என்னத்த வைப்பீக?"

"அவிடெ ஒண்ணும் வேண்டா. தானே சரியாகும்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குப் படுத்தாள்.

காயம் ஆறி, ஊன்றுகோலைத் தூக்கிப் போடச் சொன்ன பிறகும் வீட்டுக்குள் சுவரைத் தடவியே நடந்தாள். திரும்ப வேண்டுமானால் முதலில் நின்றாள், பிறகு குட்டிக்குட்டி அடியாக உடம்பு முழுவதையும் திருப்பினாள். சந்தனம் கேலி பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். ஆனந்திக்கு அதுதான் கூடுதல் பயம்.

நேற்றுக் கடைசிப் பரிசோதனை. மலை ஏறலாம் என்று டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை சரிவில் நிற்கலாம்.

படுக்கவைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, சில்லின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து வெளிப்பக்கம் தள்ளினார். அது அசையவில்லை. இன்னும் அழுத்தினார். அசையவில்லை.

"கண்டோ? நல்ல உறப்பு. இப்போ பேடி உண்டோ?"

"இல்ல சார். பயமெல்லாம் போயிருச்சு."

டாக்டர் கீழே பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளும் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தன.