பதினெட்டு வருஷமாய் நின்ற அம்மன்

கடற்கரை அம்மன் கோயிலுக்கு மாதம் இரண்டு தடவை ஆளேற்றிப் போகும் வேன் டிரைவருக்கு வீட்டில் தனி மரியாதை. பதினெட்டு வருஷமாய் ஒவ்வொரு தடவையும் குங்குமப் பொட்டலத்தோடு திரும்பி, மனைவியிடம் நீட்டுவார்.

"உனக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன். கடலைப் பார்த்து என்ன கம்பீரமா நிக்கிறா தெரியுமா!"

மனைவியின் முழங்கால் வலி போனதும், மகள் பரீட்சையில் தேறியதும் தன் வேண்டுதலால்தான் என்று மச்சினன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். தைலமும் பாடப்புத்தகமும் வாய் திறந்து மறுக்கவா போகின்றன?

உண்மையில் அவர் கோயில் வாசற்படியை மிதித்ததே இல்லை. பயணிகள் இறங்கியதும் கடைசி சீட்டில் காலை நீட்டினால், கடல்காற்றுக்குக் கும்பகர்ணத் தூக்கம். திரும்பி வருகிறவர்களிடம் ஒரு சிட்டிகை குங்குமம் வாங்கி, கைக்குக் கிடைத்த தாளில் மடித்துக்கொள்வார்.

இந்த முறை ஒரு பயணி கடைசி நேரத்தில் வரவில்லை. "இடம் சும்மாத்தானே போகுது" என்று மனைவி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் அவசரமாய் அவள் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"வெயில் மண்டையைப் பொளக்கும்."

"குடை இருக்கு."

"கால் கடுக்க நிக்கணும். உன் முழங்கால்..."

"அதைத்தான் நீங்க வேண்டிச் சரி பண்ணிட்டீங்களே!"

கூட்டத்தோடு கூட்டமாய்ப் போனால் தப்பித்துவிடலாம் என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டார். வேனை நிறுத்தியதும் நெஞ்சை நிமிர்த்தினார். "என் பின்னாடியே வா. இங்க ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்."

பத்தடி போகவில்லை. பூக்காரம்மா குரல் கொடுத்தாள். "என்ன டிரைவரண்ணே, இன்னிக்குத் தூங்கலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"யாரையோ கூப்பிடுது" என்றார் டிரைவர், திரும்பாமலே.

"உங்களைத்தாண்ணே! போன தடவை நீங்க விட்ட குறட்டையில என் கூடைப் பூவே வாடிப்போச்சு!"

மனைவி சிரிக்கவுமில்லை, சீறவுமில்லை. "எனக்கு எப்பவோ தெரியும்."

"எப்படி?"

"சாமி கும்பிட்டவர் சட்டை முதுகுல கடைசி சீட்டு உறையோட கட்டம் எப்படிங்க விழும்?"

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"ராப்பகலா வண்டி ஓட்டுற மனுஷன், தூங்கட்டுமேன்னு விட்டேன். ஆனா நான் தேய்ச்ச தைலத்துக்கு நீங்க பேரு வாங்குனீங்க பாருங்க, அதுதான் தாங்கலை." கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. இன்னிக்காவது எனக்காக நிஜமா வேண்டிட்டு வாங்க. அந்தக் கடைசி சீட்டுல அப்படி என்ன சுகம்னு நான் பார்க்கிறேன்."

வரிசை பாம்பு போல் வளைந்து வளைந்து போயிற்று. இரண்டரை மணி நேரம் கழித்து, வியர்வையில் நனைந்து, குங்குமத்தோடு டிரைவர் திரும்பினார். மனைவி கொட்டாவி விட்டபடி எழுந்தாள். கன்னத்தில் சீட்டு உறையின் கட்டம் அச்சடித்தாற்போல் விழுந்திருந்தது.

"அம்மன் எப்படி இருக்கா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "உக்காந்துதான் இருக்கா. அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

"அட மனுஷா! பதினெட்டு வருஷமா அவளை நிக்க வெச்சுட்டீங்களே, அவ முழங்கால் என்னத்துக்கு ஆகும்!"