மேஜை டிராயரில் கிடந்த ரிசல்ட்

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது. தூத்துக்குடியில் அப்போது மாதா கோயில் திருவிழா நேரம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் வலது கை தானாக உதறத் தொடங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் சமையல் செய்த அக்காதான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளைத் தாங்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நான் சீப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்கேனில் மூளையில் ஒரு சின்ன நீர்க்கட்டி தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டை சாப்பாட்டோடு உள்ளே போய், ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "எங்க வீட்ல பன்றிக்கறியே சமைக்கிறதில்லையே" என்று நான் ரோஷமாகச் சொன்னேன். பிள்ளை கறி சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை, எப்போதோ சரியாக வேகாத கறியைச் சாப்பிட்ட யாரோ ஒருவர் வயிற்றில் புழு இருக்கும், அவர் கையைச் சரியாகக் கழுவாமல் சோற்றைத் தொட்டிருப்பார் என்று பொறுமையாக விளக்கினார். புழுவுக்கும், வீக்கத்துக்கும், வலிப்புக்கும் தனித்தனியாக மருந்து எழுதினார். வீட்டில் இருப்பவர்கள், சமைப்பவர் எல்லோரும் மூன்று நாள் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றார்.

நான் உயிரியல் டீச்சர். வருடா வருடம் அந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து, அம்புக்குறி போட்டு, பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டு மிரட்டுகிறவள். அப்படிப்பட்டவள் காதில் அன்றைக்கு விழுந்தது ஒரே வார்த்தைதான். சமைப்பவர்.

அக்காவுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். கணவர் இறந்த பிறகு டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கி, எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால் என் மகளுக்கு அவர்தான் ஊட்ட வேண்டும். மீன் துண்டை விரலால் தடவித் தடவி முள் எடுத்து ஊட்டுவார். ராத்திரிச் சாப்பாடு மட்டும் நான் பிசைந்து ஊட்டுவேன்.

அக்காவும் என் கணவரும் மூன்று நாளும் லேபில் டப்பாவைக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். லேபில் டப்பாவை வாங்குகிறவர் என் பழைய மாணவர். என்னைப் பார்த்தாலே எழுந்து நிற்பவரிடம் அதை எப்படி நீட்டுவது? எனக்கெதற்கு, நான் சுத்தமாக இருப்பவள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் எல்லோரும் கொடுத்தாயிற்று என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ரிசல்ட்டை நான்தான் வாங்கிவந்தேன். என் கணவருக்கு ஒன்றுமில்லை. அக்காவின் மூன்று தாள்களிலும் அதே முடிவுதான். படித்துப் பார்த்தேன். அப்படியும் மனம் ஆறவில்லை, பரிசோதனையில் தப்பியிருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். தாள்களை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, "இனிமே வர வேண்டாம்க்கா, பிள்ளையை நெனச்சாப் பயமா இருக்கு" என்றேன்.

"என் கையாலயா டீச்சர் பிள்ளைக்கு இப்படி ஆச்சு?"

நான் டிராயரைத் திறந்து தாள்களைக் காட்டவில்லை. ரிசல்ட் என்னவென்றும் சொல்லவில்லை. அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். பக்கத்து வீட்டில் காரணம் கேட்டார்கள், சொன்னேன். ஒரே வாரத்தில் மற்ற இரண்டு வீடுகளிலும் அவரை நிறுத்திவிட்டார்கள்.

எட்டு மாதம் போனது. மகளுக்கு வலிப்பு திரும்ப வரவில்லை. ஒருநாள் காலை, கழிப்பறையில் வெள்ளையாக, தட்டையாக ஒரு துண்டைப் பார்த்தேன். நெளிந்தது. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பும் ஒருமுறை அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பார்க்காததுபோலத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். பழைய மாணவர் வாங்கினார், பெயர் எழுதினார், "மத்தியானம் வாங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இதற்கா இத்தனை நாள் வெட்கப்பட்டேன் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

எப்போதோ ஒரு கிரகப்பிரவேச வீட்டில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பன்றி வறுவல் நினைவுக்கு வந்தது. அதுதான் காரணமா என்று டாக்டரம்மாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. எனக்கு ஒரே வேளை மாத்திரையோடு தீர்ந்தது.

உடனே அக்காவைத் தேடி ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினேன். அக்கா அங்கே தங்கை வீட்டில் இருந்தார். கோயில் வளாகம் பெருக்குகிற வேலையாம். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "பிள்ளைக்கு இப்பம் எப்படி இருக்கு டீச்சர்?"

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. "ஏளா, டீச்சருக்குக் கடையில சோடா வாங்கியா. நம்ம வீட்டுத் தண்ணி வேண்டாம்" என்று தங்கையை அனுப்பினார். என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தங்கை சோடாவோடு திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வந்த நாள்லேருந்து அடுப்படிக்குள்ள காலெடுத்து வைக்கல டீச்சர். என் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்ட மாட்டேங்கா. என் கைல நோய் இருக்குன்னு சொல்லுதா."

தாள்களை அக்கா மடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். புழு என் வயிற்றில்தான் இருந்தது, பிள்ளைக்குக் கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அப்பம் என் கைல ஒண்ணும் இல்லியா டீச்சர்?"

"ஒண்ணும் இல்லைக்கா. அன்னைக்கே இல்லை."

தங்கை சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அக்கா எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார், மறுபடியும் கழுவினார். உட்கார்ந்து ஒரு வாய் பிசைந்து உருட்டினார். தங்கையின் குழந்தை வாயைத் திறந்துகொண்டு நின்றது. உருண்டையைப் பிடித்த கை பாதியிலேயே நின்றுவிட்டது. அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, "நாளைக்கி ஊட்டுதேன்" என்றார்.

திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஊட்டினாரா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கத் தைரியம் வரவில்லை. என் மகள் இப்போது மாத்திரை இல்லாமல் நன்றாக இருக்கிறாள், தானே சாப்பிடுகிறாள். அவள் எப்போதாவது ஆசையாக ஊட்டச் சொல்லும்போதெல்லாம், பாதியில் நின்ற அந்தக் கை என் கண்முன் வந்துவிடுகிறது, என் கையும் ஒரு நொடி நின்றுவிடுகிறது.