ரெண்டு தரத்தில் நின்ற ஏலம்

மீமிசல் கரையில் மீன் ஏலம் கூறுவது சந்தனமேரி. விடிந்ததிலிருந்து கடைசிக் கூடை போகும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்கப் போகவேண்டும். போன நேரம் பார்த்து ஆண்டிச்சாமி ஏலத்தைக் கையில் எடுத்துவிட்டால்? அவனும் ரொம்ப நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்திலேயேதான் நிற்கிறான்.

இப்படி அடக்கி அடக்கி வந்ததுதான் நீர்க்கடுப்பு. முதலில் சூடு என்று இளநீர் குடித்தாள். பிறகு வாங்கிய மாத்திரையை எரிச்சல் அடங்கியதும் நிறுத்தி, மிச்சத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினாள். அது திரும்பவும் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது மிச்ச மாத்திரைக்குக் கேட்கவில்லை. மகள் பிளெஸ்ஸி, டாக்டர் ரிஃபானாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“நாளைக்கு இறால் வரத்து. நான் கரையில நிக்கணும் டாக்டரம்மா.”

“மீனைத் தரம் பிரிக்காம ஏலம் விடுவீங்களாக்கா?”

“அதெப்படி விடுவேன்?”

“நானும் அப்படித்தான். கிருமி மூத்திரப்பையோட நின்னா எரிச்சல், அடிக்கடி போறது, அடிவயித்து வலி. அது கீழ்க் கூடை. கிட்னிக்கு ஏறுனா காய்ச்சல், குளிரு, வாந்தி, விலாவுல வலி. அது மேல் கூடை, பெட்டுல சேக்க வேண்டி வரும். சுகர், கல்லு, கர்ப்பம்னு கூட ஏதாச்சும் இருந்தா சிக்கலான வகை.”

“லிஸ்ட்டுல கர்ப்பத்தை அடிச்சிருங்க” என்றாள் சந்தனமேரி.

முதுகு வலிப்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மேல் கூடையில் போட்டுவிடுவார்களே. பிளெஸ்ஸி போட்டுக்கொடுத்தாள். டாக்டர் விலாவில் தட்டிப் பார்த்தார், வலிக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, சுகரும் இல்லை.

“முதுகு வலி மீன்கூடை தூக்குனது. இது கீழ்க் கூடைதான். ஆனா வருசத்துல மூணாவது தடவை, திரும்பத் திரும்ப வர்ற வகை. எந்தக் கிருமின்னு பாக்க யூரினைக் கல்ச்சருக்குக் குடுத்துட்டுப் போங்க. நான் எழுதித் தர்ற மாத்திரையில மிச்சம் வைக்கக்கூடாது. தண்ணி குடிக்கணும், அடக்கக்கூடாது.”

“ஏலம் முடிஞ்சு ஒரே தடவையாப் போனா?”

“இங்க பேரம் கெடையாதுக்கா.”

மறுநாள் பெரிய இறால் கூடை. “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “இருங்க, வாரேன்” என்று விறுவிறுவென நடந்தாள்.

திரும்பி வந்தால் கூட்டம் அப்படியே நிற்கிறது. ஆண்டிச்சாமி கூடைக்குக் காவல் மாதிரி குந்தியிருந்தான்.

“நீ கூறலையாடா?”

“கூறிப் பாத்தேன் மேரியக்கா. எவனும் காதுல வாங்கல. நீங்க போன நேரத்துல இவனுகளே போட்டிபோட்டு வெலையை ஏத்திட்டானுக. இன்னொருக்க போய்ட்டு வாரீகளா?”

சந்தனமேரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எல்லாரும் பார்க்க ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு கணீரென்று விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.