டிரெஸ்ஸர் வீட்டு ஏரியலும் என் அடித்தூணும்

சுங்கை பெசாரில் அரிசி ஆலைக்குக் கூரைச் சட்டம் போட்டவன் நான். பாகான் நக்கோடா ஓமாரில் சேற்றுக்குள் படகுத்துறைக்குக் கால் இறக்கியவன் நான். எஸ்டேட் கோயில் வளைவு, தமிழ்ப்பள்ளியின் தண்ணீர்த் தொட்டி, குவாலா சிலாங்கூர் கடைத்தெருவில் பாதி இரும்புக் கதவுகள்... எல்லாம் இந்தக் கைதான்.

படிப்பு? எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ரப்பர்ப் பால் மரம் கூப்பிட்டுவிட்டது.

சேற்றில் இரும்பு நிற்காது என்றார்கள். நின்றது. வெல்டிங் கற்றுக்கொள்ள இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். நெருப்புக்கு எந்த மொழி?

இதைத்தானே வாராவாரம் இந்தப் பத்தியில் சொல்கிறாய் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். இந்த வாரம் காரணம் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை டிரெஸ்ஸர் முத்தையா என் பட்டறைக்கு வந்தார். கம்போங் குவாந்தான் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்தும் காயத்துக்குக் கட்டும் போடுகிறவர். கையில் ஒரு கார்டு. தபால் கார்டு அளவு, பளபளவென்று அச்சு. ரேடியோவில் பேசுகிறவர்கள் பேசி முடித்ததும், 'உன்னோடு பேசினேன்' என்பதற்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கார்டாம் அது. உலகமெல்லாம் போகுமாம்.

வாங்கிப் பார்த்தேன். முத்தையாவின் பெயர் இருந்தது. ரேடியோ என்ன ரகம் என்று இருந்தது. ஏரியல் என்ன ரகம் என்றும் இருந்தது. 'மல்ட்டி பேண்ட் வெர்ட்டிகல்'. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் பிடித்தும் பார்த்தேன்.

என் பெயர் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

முத்தையாவுக்கு அமெச்சூர் ரேடியோ என்று ஒரு கிறுக்கு. பரீட்சை எழுதி, 'டிட் டா டிட் டா' என்று தந்திக் குறியீடு தட்டிக் காட்டி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கியவர். வாங்கி என்ன செய்ய? தென்னைமரத்துக்குத் தென்னைமரம் கம்பியை இழுத்துக் கட்டி, பின் அறையில் உட்கார்ந்து மாதக்கணக்காக உலகத்தைக் கூப்பிட்டார். உலகம் பதில் சொல்லவில்லை. பக்கத்து லயத்து வீடுகளின் டிவிதான் சொன்னது. தமிழ்ப்படம் ஓடும்போது கதாநாயகி வாயைத் திறந்தால் டிரெஸ்ஸர் குரல் வந்ததாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வந்த கிழவிகூட, "படத்துல நல்லா பேசுனீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதில் பாவப்பட்டது அவர் மனைவி சரசுதான். ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். கை சுத்தமான வேலை. ஆனால் மெஷின் இருப்பதோ சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். யாரோ ஓர் ஆபீஸ் கிராணியின் மனைவியுடைய பட்டு ரவிக்கையில் மீன்குழம்பு தெறித்துவிட்டது. அன்றைக்கு வாய் திறந்தாள் சரசு. ஊரோடு பேசாத ரேடியோவுக்கு ஓர் அறை, ஊருக்கெல்லாம் தைக்கிற மெஷினுக்கு அடுப்பங்கரையா? தீபாவளித் துணிகள் வரப்போகின்றன. முத்தையா புது ஏரியல் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். சரி, அது வரட்டும். ஏற்றின மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வெளிநாட்டில் ஓர் ஆளாவது பதில் சொல்லவேண்டும். இல்லையென்றால் ரேடியோ பரண்மேல், மெஷின் அறையில்.

முத்தையா ஒப்புக்கொண்டார். வேறு வழி? குழம்பு தெறித்த ரவிக்கையைக் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே.

லோரியில் ஒரு நீளப் பெட்டி வந்து இறங்கியது. அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் அப்படித்தான்... காகிதத்தில் இருக்கும்வரை வீரய்யா வேண்டாம், தூக்கி நிறுத்தும்போது வேண்டும்.

பெட்டிக்குள் அலுமினியக் குழாய்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும். மேலே போகப் போக ஒல்லியாகும். நடுநடுவே எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி உருளைகள். அந்த உருளைகள்தான் சூட்சுமமாம். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஏரியல் எந்த இடத்தோடு முடிந்துபோகிறது என்பதை அவைதான் தீர்மானிக்குமாம். கம்பம் ஒன்று, அலைவரிசை பல. முத்தையா ஒவ்வொரு குழாயையும் அளந்தார்... மறுபடி அளந்தார்... விஷ மருந்தை அளப்பது மாதிரி. நான் வெல்டிங் மெஷினைப் பார்த்தபோதெல்லாம் அவர் குழாய்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அண்ணே, ஒட்ட மட்டும் வேணாம்லா. ஸ்க்ரூதான். பெறகு ஏத்தி எறக்கிச் சரி பண்ணணும்."

என் வாழ்நாளில் ஒட்டாமல் விட்ட முதல் இரும்பு அது. அலுமினியம்தான், இருந்தாலும்.

தரையில் சிலந்திக்கால் மாதிரி நாலா பக்கமும் கம்பி பரப்பிப் புல்லுக்கடியில் புதைத்தோம். பாகானில் என் சிநேகிதரிடம் கேட்டு வலை இழுக்கிற நைலான் கயிறு கொண்டுவந்து இழுத்துக் கட்டினேன். ஆனால் முக்கியமானது அடி. அந்த எஸ்டேட் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் மாடு முழங்கால்வரை இறங்கும். அதில் இத்தனை உயரம் எப்படி நிற்கும்? பழைய தார் டிரம்மை மண்ணுக்குள் இறக்கி, சிமெண்டுக் கலவை கொட்டி, நடுவில் என் இரும்புப் பைப்பை நட்டேன். இன்றைக்குப் போய் ஆட்டிப் பாருங்கள். உங்கள் தோள்தான் கழலும்.

என் பைப்புக்குமேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. அதற்குமேல் அவருடைய குழாய். இரண்டும் தொடக்கூடாது; தொட்டால் உள்ளே அனுப்புகிற சக்தி ஆகாயத்துக்குப் போகாமல் மண்ணுக்குப் போய்விடும் என்றார் முத்தையா. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில்... ஆனால் அடுப்பு வேறு வேறு.

சனிக்கிழமை ஏற்றினோம். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர். அனுப்புகிற சக்தி மேலே போகிறதா, போகாமல் திரும்பி வருகிறதா என்று காட்டும். முள் இடது ஓரத்திலேயே அடக்கமாக நின்றது. அப்படி நின்றால் நல்லதாம். முத்தையா என்னைப் பார்த்துச் சிரித்தார். இடி இடித்தது, அன்றைக்கு அதோடு மூடிவிட்டோம்.

ஞாயிறு சாயங்காலம், சாட்சிக்கு என்று தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. மீட்டர் முள் வலது கோடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அனுப்புவதெல்லாம் திரும்பி வருகிறது. மத்தியானத்திலிருந்து முத்தையா ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டார். ஒன்றும் தெரியவில்லை. முழுசையும் இறக்கிப் பார்க்கலாம் என்றால் ஆற்றுமுகம் பக்கம் மேகம் கறுக்கிறது, வெயில் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இறங்குகிறது.

சரசு வாசற்படியில் உட்கார்ந்து பித்தான் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயிக்கப்போகிறவள் ஏன் பேசவேண்டும்?

எனக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் நேற்று நின்றது இன்று நிற்கவில்லை என்றால், இன்று என்ன புதுசு என்று பார்ப்பது என் வழக்கம். சுற்றி வந்தேன். புதுசாக ஒன்றுதான் இருந்தது. இடுப்பு உயரத்தில், அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் இருந்த இடத்தில், மஞ்சள் துணி. முத்தையாவும் பார்த்திருக்கிறார். காய்ந்த துணிதானே, அது என்ன செய்யும் என்று விட்டிருக்கிறார். நான் விரல் நகத்தால் சுண்டினேன்.

துணி 'டிங்' என்றது.

துணி ஏன் ஐயா 'டிங்' என்கிறது?

"சரசு, உள்ள என்னாம்மா வச்சிருக்க?"

"தகடுண்ணே." ஊசியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "நேத்து இடிச்சதுல எனக்கு தூக்கமே இல்ல. இம்மாம் ஒசரத்துக்கு நட்டு வச்சிருக்கீங்க, இவரு அதுக்கு அடியில போயி உக்காந்துக்கிறாரு. காலையில கோயிலுக்குப் போயி பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கிட்டு வந்தேன். கம்பத்தத் தொட்டு இருக்கணும்னாரு. புள்ளைக்கி அரைஞாண் கட்டுற மாரி இடுப்புல கட்டுனேன்."

செப்புத் தகடு! பாதி அவருடைய குழாயைத் தொடுகிறது, பாதி என் பைப்பைத் தொடுகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கதவைத் திறந்து வைத்துவிட்டாள்.

முத்தையா புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கையை நீட்டினேன்.

"அவுக்காதீங்கண்ணே," என்றாள் சரசு. "ஒரு மண்டலம் கழியாம அவுத்தா, யாருக்குக் கட்டுனமோ அவுங்களுக்கு ஆவாதாம்."

யாருக்குக் கட்டினாள்? எதிரில் புல்லில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு. என் கை தானாகப் பின்னால் போனது. பேய்க்குப் பயப்படமாட்டேன், பூசாரி என்றால் கொஞ்சம் பயம் உண்டு.

முத்தையா எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"விடுங்கண்ணே. எனக்காகக் கட்டுனது. இருந்துட்டுப் போவட்டும். சரசு, நீ மெஷினக் கொண்டாந்து ரூம்ல போடு."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கோபமாகச் சொல்லியிருந்தால் சரசு மெஷினைத் தூக்கியிருப்பாள். அவளுக்கு வேண்டிய அறை அவள் கைக்கு வந்தாயிற்று. சும்மா நின்றாலே போதும்.

அவள் தகட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இடி விழுந்தா எங்க போயி எறங்கும்?"

"வேற எங்கம்மா? என் பைப்புக்குத்தான். அதுதான மண்ணுல நிக்கிது."

"அப்ப கம்பம்னா அதுதான?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் என்னைத் தவிர வேறு யாராவது இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருப்பார்களா? "அதேதான்," என்றேன்.

சரசு கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். தகடு மண்ணைத் தொடாமல், கம்பத்தை விட்டு விலகாமல், அப்படியே கீழே இறக்கி என் பைப்பில் வைத்து மறுபடி கட்டினாள். மூன்று முடிச்சு.

உள்ளே ஓடினோம். முள் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. முத்தையா கூப்பிட்டார். கூப்பிட்டார்... கூப்பிட்டார்... ஜன்னலில் வெளிச்சம் பழுத்துக்கொண்டே வந்தது. சரசு விளக்கைப் போடாமல் நின்றாள். போட்டால் பொழுது சாய்ந்ததாகிவிடுமே!

சலசலப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. லைசென்ஸில் முத்தையாவுக்குக் கொடுத்திருந்த எழுத்துகளையும் எண்ணையும் சொல்லித் திரும்பக் கூப்பிட்டது. நியூசிலாந்துக்காரர். ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறாராம். இங்கே பொழுது சாயவில்லை, அங்கே படுக்கிற நேரமாம். குரல் நன்றாகக் கேட்கிறது, என்ன ஏரியல் என்று கேட்டார். முத்தையா நெளிந்து நெளிந்து பதில் சொன்னார். கண்ணில் தண்ணீர்.

நான் மைக்குக்குக் கை நீட்டினேன். அடித்தூணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான். லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாதாம். சட்டமாம். நட்டவனுக்கு லைசென்ஸ் இல்லை, பேசினவருக்கு உண்டு!

இப்போது அந்த அறையில் ரேடியோ ஒரு சுவர், தையல் மெஷின் ஒரு சுவர். மறுநாள் காலையில் முத்தையாவே தூக்கிக்கொண்டு வந்து போட்டார், யாரும் கேட்கவில்லை. மெஷினுக்கு இரும்பு ஸ்டாண்டு என் வேலை. நியூசிலாந்துக்காரர், பின்னால் என்ன 'கடகட' சத்தம் என்று கேட்கிறாராம். தீபாவளி நெருங்குகிறது ஐயா, அதுதான் சத்தம்.

யோசித்துப் பாருங்கள். கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதில் பெயரை எழுதிக்கொள்கிறார். ஆகாயத்தில் நிற்பதைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மண்ணுக்குள் நிற்பதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? இடி விழுந்தால் வாங்கிக்கொள்ள மட்டும் அது வேண்டும்.

ஆகவே டிரெஸ்ஸர் முத்தையா அவர்களே, இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர் நீங்கள். அடுத்த கட்டுக் கார்டு அச்சடிக்கும்போது ஏரியல் வரிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: 'அடித்தூண் உபயம் – பட்டறை வீரய்யா, குவாலா சிலாங்கூர்.' தகடு உபயம் என்று சரசு பெயரையும் போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை... எனக்குக் கீழே.

எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நியூசிலாந்து தூரமான ஊர்.