சமையலறையில் மணியடித்த போன்

தொண்ணூறுகளின் கடைசியில் அப்புத்தளையில் ஆசிரியராக இருந்தபோது, பாடசாலையின் பழைய ஜெர்மன் தொலைபேசியைப் பழுது பார்க்க ஊரிலிருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். துரைமார் பங்களாக்களில் கழித்துப்போட்ட டயல் போன்களைச் சேர்த்து வைத்திருந்தார். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஒவ்வொரு எண்ணின் துளையையும் குழந்தையின் காதைத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

"சத்தத்தக் கேளுங்க சேர்" என்று ஒரு சுவீடன் போனின் டயலைச் சுழற்றினார். வீட்டுக்குள்ளேயே இழுத்திருந்த வயரில், சமையலறையில் இன்னொரு போன் மணியடித்தது. வீட்டு வேலை செய்யும் அம்மா ஓடி வந்து எடுப்பது கதவு வழியே தெரிந்தது. இவர் குரலை மாற்றி, "அம்மா, நாந்தான், கொழும்பிலருந்து பேசுறேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

"சாப்பிட்டியா ராசா?" என்று அந்த அம்மா கேட்டார். இவர் ரிசீவரை வைத்துவிட்டார்.

"அவ மகன் கொழும்புக்கு வேலைக்குப் போய்க் காணாமப் போயிட்டான். ஆறு வருசமாச்சு" என்றார், பஞ்சை மாற்றிக்கொண்டே. "வாறவங்களுக்கெல்லாம் இப்படித்தான் பேசிக் காட்டுவேன்."

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயாதான் பேசுறாருன்னு தெரியுங்க" என்றார். "என்னைய அம்மான்னு கூப்பிட வேற யாருங்க இருக்கா?"

ஒரு வாரம் கழித்து எங்கள் போனைத் திருப்பி வாங்கப் போனேன். புதிதுபோல ஆக்கியிருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவரை நினைக்கும்போது கோபத்துக்கு முன்னால் அந்த நன்றிதான் ஞாபகம் வருகிறது.