நந்தி என்றால் பிறகு

"நந்தி கித்தா பங்கில், பாக்சிக்." நோய்த்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த மூன்றாம் நாள் அந்த அழைப்பு வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கைபேசிக்கு லைன் கிடைக்கும். நானும் மாமனாரும் அங்கே நின்று, ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். பேசியது மலைக்குக் கீழே பேராக் மாநிலத்தில் அவருக்குக் கண் பார்க்கும் ஆஸ்பத்திரியின் தாதி. அடுத்த வாரம் போட வேண்டிய ஊசி இப்போதைக்கு இல்லை, பிறகு நாங்களே கூப்பிடுகிறோம் என்று அந்தப் பெண் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். மலாயில் 'நந்தி' என்றால் பிறகு. மாமா சிரித்தார். "நந்தி குறுக்க வந்து உக்காந்துடுச்சும்மா. நகரட்டும், போலாம்" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருடைய வலது கண்ணை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தது. மிச்சமிருந்தது இடது கண். அதில் மாதம் ஒரு ஊசி வீதம் மூன்று போட வேண்டும், நடுவில் விடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்குள்ளே ஊசியா என்று எனக்குக் குலை நடுங்கியது. மாமாவோ முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றே, கண்ணில் மூடியோடு உட்கார்ந்து, ஒரு தட்டு மீகோரெங்கைக் காலி செய்தார். ஒரு மாதத்தில் காலண்டர் தேதியைத் தானே படித்தார். இரண்டாம் ஊசிக்கு நாள் குறித்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அப்போதுதான் ஊரை மூடினார்கள்.

மாமா எங்கள் எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. கல்யாணமான புதிதில் நானும் இரண்டு வருஷம் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். பேர் கூப்பிடாமல் ஒரு அடி முன்னால் வைத்தால் போதும், மருமகள் என்றும் பார்க்க மாட்டார், கடைசிக்கு அனுப்பிவிடுவார். அதே சமயம் கூப்பிட வேண்டிய ஒரு பேரை அவர் விட்டதும் கிடையாது. நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த பையன்களுடைய பேரை முதல் நாளே நான்கு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகிக்கொள்வார். "தன் பேரு சரியா காதுல விழலன்னா மனுசன் எப்படி வருவான்?" என்பார். பேர் கூப்பிடுகிறவன் மறக்க மாட்டான் என்பது அவருக்கு வேதவாக்கு. ஏனென்றால் அவர் மறந்ததில்லை.

அதனால் காத்திருந்தார். தினமும் காலையில் சவரம் செய்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கைபேசியும் அட்டையுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரி மூடும் நேரம் வரைக்கும் அங்கேயே ஒரு சிமெண்டுக் கல்லில் உட்கார்ந்திருப்பார். என் கணவர் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தார், எல்லையை மூடிவிட்டார்கள். நான் கோலா தெர்லாவில் காய்கறி பேக்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பொருள் என்பதால் எங்களுக்கு மட்டும் வேலை இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது தூரத்திலிருந்தே அவர் ஸ்வெட்டரின் பச்சை நிறம் தெரியும். "கூப்பிட்டாங்களா மாமா?" "கூப்பிடுவாங்கம்மா. நம்மள மாதிரி எத்தன பேரு லிஸ்ட்ல இருக்காங்களோ."

இரண்டாம் மாதத்தில் சட்டைப் பொத்தான் மாறிப்போக ஆரம்பித்தது. பிறகு கொடியில் தொங்கிய என் மழைக்கோட்டைப் பார்த்து, "யாரு அங்க நிக்கிறது? வேல வெட்டி இல்லையா?" என்று அதட்டினார். நம்பரைத் தேடி நானே ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. எங்கள் முட்டைக்கோஸை ஈப்போவுக்கு ஏற்றிப் போகும் லோரிக்கார அண்ணனிடம் கேட்டேன். "அட்டையக் காட்டுனா போலீஸ் விட்டுருவான்லா. சீட்டு காலியாத்தான் இருக்கு, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மாமாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அவங்க வான்னு சொல்லாம அங்க போயி நிக்கிறதா? முன்னாடி ஓடி நின்னா, வரிசையில ஒழுங்கா நிக்கிறவன் பொழப்பு என்னாவறது? முப்பது வருசம் நான் வரிசைக் கடைசிக்குப் பத்தினவனுங்க மாதிரி நானே போயி நிக்கணுமா?" நானும் விடவில்லை. கண்ணு போயிடும் மாமா என்று கத்தினேன். அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் அட்டையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார். கணவரிடம் கைபேசியில் அழுதேன். "அப்பா முடிவு பண்ணிட்டா பண்ணதுதான், விடு" என்றார். விட்டேன். வேலைக்களைப்பு, கோபம், என்னவோ ஆகட்டும் என்ற எண்ணம் எல்லாம் இருந்தது. அவரை மட்டும் பிடிவாதக்காரர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். எதிர் மலையில் தேயிலை நிரை ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. மாமா வாசற்படியில் நின்று, "இன்னிக்கு மூடுபனி எறங்கிருச்சு போலம்மா. ஒண்ணும் தெரியல" என்றார். நான் அந்த மலையைப் பார்த்தேன். "ஆமா மாமா, ரொம்ப இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. "மாமா, கூப்பிட்டாங்க. இப்பதான் தொட்டிகிட்ட என் நம்பருக்கு வந்துச்சு. உங்க பேரச் சொல்லி, இன்னிக்கே வரச் சொன்னாங்க" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நான்தான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் தடவி வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

லோரிக்கார அண்ணன் எங்களை ஏற்றிக்கொண்டார். மாநில எல்லையில் போலீஸ்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார், போகச் சொல்லிக் கை காட்டிவிட்டார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் கவுண்டருக்குப் போய்க் கெஞ்சினேன். அங்கிருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று என்னைக் கேட்டாள். நீங்கள் கூப்பிடவில்லையே என்றேன். மற்றவர்கள் எல்லாம் தாங்களே வந்து கேட்டு நாள் வாங்கிக்கொண்டார்களே என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். இடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மாமாவின் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்ற நேர்த்தியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் தமிழ்ப் பெண். சோதித்துவிட்டு என்னைத் தனியாக வெளியே அழைத்தார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, விழித்திரை இழுத்துக்கொண்டுவிட்டது என்றார். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஊசியிலயே நிப்பாட்டியிருக்கலாம். இனிமே ஆப்பரேசன் செஞ்சாலும் பெருசா கெடைக்காது." ஆப்பரேசன் செய்தார்கள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பகல் எது, இரவு எது என்று தெரியும். அதற்கு மேல் இல்லை.

இப்போது எல்லாம் திறந்துவிட்டது. பிரிஞ்சாங் பக்கம் சனி ஞாயிறில் கார் நகர முடியாத கூட்டம். கணவரும் திரும்பி வந்து இங்கேயே வேலை பார்க்கிறார். மாமா வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் யாராவது ஆஸ்பத்திரியைத் திட்டினால் அவருக்குப் பொறுக்காது. "அப்படிச் சொல்லாதீங்க. அந்த நோய்க் கலவரத்துலயும் ஒரு எஸ்டேட் கெழவன மறக்காம பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. என் கண்ணு நிக்கல, அதுக்கு அவங்க என்ன செய்வாங்க" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார். "அன்னிக்கு கூப்பிட்டது யாரும்மா, அந்தப் பழைய தாதியா? என் பேர சரியாச் சொன்னாங்களா?"

"வேற ஒரு பொம்பள மாமா. சரியாத்தான் சொன்னாங்க" என்றேன்.

"எல்லாருக்கும் அது வராது" என்று சொல்லி, அடுத்த வாய்க்குக் காத்திருந்தார். அந்தப் பொய் இரண்டாம் மாதமே என் வாயில் வந்திருக்கக் கூடாதா?